கடலோடு போகும் குளிர்

எல்என்ஜி (திரவமாக்கிய இயற்கை எரிவாயு) முனையங்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அங்கே வீணாகும் குளிர்தான் என்னை உறுத்துகிறது. இயற்கை எரிவாயுவை மைனஸ் 162 டிகிரி செல்சியஸ் வரை குளிர்வித்து, ஏறத்தாழ 600-இல் ஒரு பங்காகச் சுருக்கித்தான் கப்பலில் ஏற்றுகிறார்கள். இதற்கு டன்னுக்குச் சுமார் 300 யூனிட் (கிலோவாட்-மணி) ஆற்றல் செலவாகிறது. பிறகு இறக்குமதித் துறைமுகத்தில் அந்தத் திரவத்தை அலுமினியக் குழாய்களுக்குள் செலுத்தி, வெளிப்புறத்தில் கடல்நீரை மேலிருந்து வழியவிட்டு, மீண்டும் வாயுவாக்குகிறார்கள். குழாய்களின் அடிப்பகுதியில் வெள்ளைவெளேரென்று பனிக்கட்டி படிந்திருக்கும். காசு கொடுத்து உண்டாக்கிய குளிர் கடலோடு போகிறது.

அதில் ஒரு பகுதியை மின்சாரமாக மீட்கலாம் என்பதை ஜப்பானின் ஒசாகா கேஸ் நிறுவனம் 1979-இல் சென்போக்கு முனையத்தில் 1,450 கிலோவாட் நிலையம் அமைத்துக் காட்டியது. அனல்மின் நிலையத்தில் நீர் செய்யும் வேலையை இங்கே புரொப்பேன் செய்கிறது. மைனஸ் 42 டிகிரியிலேயே கொதித்துவிடும் அதற்குச் சாதாரணக் கடல்நீரே அடுப்பு. ஆவியாகி டர்பைனைச் சுழற்றிவிட்டு வரும் புரொப்பேனை எல்என்ஜி குளிர்வித்துத் திரவமாக்க, பம்பு அதை மறுபடியும் கடல்நீர்ப் பக்கம் தள்ளிவிடுகிறது.

கணக்குப் போட்டால் ஆசை பிறக்கும்: 25 டிகிரிக் கடல்நீருக்கும் மைனஸ் 162-க்கும் இடையே கார்னோ வரம்பு, அதாவது வெப்பத்தில் வேலையாக மாற்றக்கூடிய அதிகபட்சப் பங்கு, ஏறத்தாழ 63 சதவீதம். ஆனால் எல்என்ஜி வெப்பத்தை வாங்க வாங்க அதன் வெப்பநிலையும் ஏறிக்கொண்டே போவதால், அந்த முழு இடைவெளி தொடக்கத்தில் மட்டுமே கிடைக்கிறது. போதாக்குறைக்கு, புரொப்பேன் மைனஸ் 40-ஐ ஒட்டியே திரவமாகிவிடுவதால், அதற்குக் கீழே உள்ள ஆழ்குளிர், அதாவது உண்மையில் விலைமதிப்புள்ள பகுதி, பெரும்பாலும் பயன்படாமலே கழிகிறது. கடைசியில் டன்னுக்குச் சில பத்து யூனிட்டுகளே மிஞ்சுகின்றன.

குளிரைக் குளிராகவே பயன்படுத்துவதுதான் சிக்கனம் என்பது என் கட்சி. காற்றைத் திரவமாக்கி ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் பிரிக்கும் ஆலைக்கு இந்த ஆழ்குளிர் அப்படியே பொருந்தும். ஆனால் அந்த ஆலை முனையத்தின் வேலியை ஒட்டியே இருக்க வேண்டும். குளிரைக் குழாயில் வெகுதூரம் கொண்டுபோக முடியாது. பக்கத்தில் அப்படி யாரும் இல்லாத முனையத்துக்கு டர்பைன்தான் வழி, ஏனென்றால் மின்சாரத்தைக் கம்பியில் எங்கும் அனுப்பலாம்.