கரையை நோக்கி வரும் இடிமேகங்களைப் பின்தொடர்தல்: இதுவரை செய்து பார்த்தவை

கடல்மேல் உருவாகும் இடிமேகத்தை அது தொலைவில் இருக்கும்போதே கண்டுபிடித்து, கரையேறும் நேரத்தைக் கணித்துவிட முடியுமா என்ற கேள்வியோடுதான் இந்தப் பொழுதுபோக்கைத் தொடங்கினேன். நேரத்தைக் கணிப்பது எதிர்பார்த்ததைவிட எளிது என்பது விரைவிலேயே தெரிந்துவிட்டது. கிளம்பிய மேகம் கரைவரை உயிரோடு வந்து சேருமா, வழியிலேயே கலைந்துவிடுமா என்பதுதான் கடினமான கேள்வி. ஆகவே என் பதிவேட்டின் பெரும்பகுதி இப்போது கடைசி ஐம்பது கிலோமீட்டரைப் பற்றியதாக மாறியிருக்கிறது.

முதற்கருவி மின்னல் வரைபடம். மின்னல் ஒவ்வொன்றும் மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணில் ஒரு வானொலித் துடிப்பை வெளியிடுகிறது. அது தரைக்கும் அயனி மண்டலத்துக்கும் இடையே எதிரொளித்தபடி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்யும். பல நிலையங்கள் அந்தத் துடிப்பு வந்து சேர்ந்த கணத்தை ஜிபிஎஸ் கடிகாரத்தோடு ஒப்பிட்டுக் குறித்து வைத்தால், நேர வேறுபாடுகளிலிருந்தே மின்னல் விழுந்த இடத்தைக் கணக்கிட்டுவிடலாம். ஒரு மைக்ரோ வினாடி வேறுபாடு என்பது சுமார் 300 மீட்டர். தன்னார்வலர்கள் சொந்தச் செலவில் கருவி வைத்து நடத்தும் பிளிட்ஸ்ஓர்டுங் வலையமைப்பு இம்முறையில்தான் இயங்குகிறது. நிலையங்கள் எல்லாம் நிலத்தில் இருப்பதால், கடலைச் சுற்றி நாலாபுறமும் நிலையங்கள் இருந்தால் இடக்கணிப்பு துல்லியமாக அமையும். ஒரே பக்கத்தில் மட்டும் இருந்தால் புள்ளிகள் சிதறும், மேகத்துக்குள்ளேயே நிகழும் வலுவற்ற மின்னல்கள் பல விடுபட்டும் போகும். ஆகையால் தனித்தனிப் புள்ளிகளை நம்பாமல், புள்ளிக்கூட்டம் எப்படி நகர்கிறது என்பதை மட்டும் பார்க்கிறேன்.

பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை கூட்டத்தின் நடுப்புள்ளியைக் குறிப்பது இயல்பாகத் தோன்றும் வழி. ஆனால் முதிர்ந்த இடிமழைத் தொகுதிக்குப் பின்னால் பரந்த மழைப்பகுதி ஒன்று நீண்டு கிடக்கும். அதிலும் அவ்வப்போது மின்னல் வெட்டுவதால் நடுப்புள்ளி பின்னுக்கு இழுபடும், வேகமும் குறைவாகத் தெரியும். எனவே முன்விளிம்பை மட்டும் குறிக்கிறேன். முன்விளிம்பு மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் நகர்ந்து, கரைக்கு இன்னும் 80 கிலோமீட்டர் இருக்குமானால் இரண்டு மணி நேரம் என்ற பள்ளிக்கூடக் கணக்கே போதுமானது. திசையைச் சரிபார்க்க காற்றழுத்தம் 700 முதல் 500 ஹெக்டோபாஸ்கல் வரையிலான, அதாவது ஏறத்தாழ 3 முதல் 6 கிலோமீட்டர் உயரத்திலுள்ள காற்றைப் பார்த்துக்கொள்கிறேன். தனி மேகங்கள் பெரும்பாலும் இந்தக் காற்றின் போக்கிலேயே செல்லும். தொகுதியாகத் திரண்டுவிட்டால், ஈரக்காற்று வரும் பக்கத்தில் புதிய மேகங்கள் முளைத்துக்கொண்டே இருப்பதால், முழுத்தொகுதியும் மேல்காற்றின் திசையிலிருந்து விலகி நகர்வதைக் காணலாம். கூட்டம் வளைந்து போவதுபோல் தோன்றும் நாள்களில் இதையே முதலில் சந்தேகிக்கிறேன்.

மின்னல் எண்ணிக்கையைப் படிப்பதிலும் கவனம் தேவைப்பட்டது. மேகத்தின் உயர்பகுதியில், ஏறத்தாழ மைனஸ் 10 முதல் மைனஸ் 20 டிகிரி வரையுள்ள அடுக்கில், மீக்குளிர்ந்த (உறைநிலைக்குக் கீழே போயும் உறையாத) நீர்த்துளிகளுக்கு நடுவே மென்கற்களும் (மெத்தென்ற சிறு பனியுருண்டைகள்) பனிப்படிகங்களும் மோதிக்கொள்வதால் மின்னூட்டம் பிரிகிறது. அந்த மோதல் தொடர வேண்டுமானால் மேலெழும் காற்றுக்கு வலு வேண்டும். கடல்மேல் அந்த வலு பொதுவாகக் குறைவு. நிலத்தில் விழும் மின்னல் கடலில் விழுவதைப்போல் பத்து மடங்கு என்பது செயற்கைக்கோள் பதிவுகள் காட்டும் விகிதம். எனவே மின்னல் குறைவாக இருப்பதாலேயே ஒரு கடல்மேகத்தில் மழையும் குறைவு என்று முடிவு செய்ய இயலாது. எண்ணிக்கை எவ்வளவு என்பதைவிட, அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதே பயன்தரும் செய்தி.

இதற்கு அடுத்தபடியாகச் செயற்கைக்கோள் படங்களுக்குப் போனேன். ஹிமாவரி-9 பத்து நிமிடத்துக்கு ஒருமுறை புவியின் தன் பக்கம் முழுவதையும் படமெடுக்கிறது. 2016ஆம் ஆண்டு ஏவப்பட்ட கோஸ்-16இல் மின்னலை ஒளியாகவே பார்க்கும் கருவியும் இருக்கிறது. இரவில் நமக்குக் கிடைப்பது அகச்சிவப்புப் படம். அதில் நிறம் என்பது மேக உச்சியின் வெப்பநிலை. குளிர்ந்த உச்சி என்றால் உயர்ந்த மேகம். இங்கே ஒரு பொறி இருக்கிறது. இடிமேகம் தளரத் தொடங்கும்போது அதன் உச்சியில் படர்ந்த பனிக்கூரை உடனே மறைவதில்லை, மாறாக இன்னும் அகலமாக விரிகிறது. அகச்சிவப்புப் படத்தில் அது மிகவும் மிரட்டலாகத் தெரியும் நேரம், பல சமயம், உள்ளே உயிர் போய்க்கொண்டிருக்கும் நேரம். குளிர்ந்த பரப்பு விரிந்து, அதே வேளையில் மின்னல் புள்ளிகள் குறைந்தால் அது தளர்ச்சி. பரப்பு சிறிதாயிருந்து, விளிம்பு கூர்மையாகவும் உச்சி மேலும் குளிர்ந்துகொண்டும் மின்னல் ஏறிக்கொண்டும் போனால் அது வளர்ச்சி. இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பதுதான் நான் கற்றுக்கொண்டவற்றில் மிகப் பயனுள்ள பழக்கம்.

மேக உச்சியும் மின்னல் புள்ளியும் வரைபடத்தில் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தாததைக் கண்டு தொடக்கத்தில் குழம்புவோர் உண்டு. செயற்கைக்கோள் சாய்வாகப் பார்ப்பதால், உயர்ந்த மேகம் தன் உண்மையான இடத்திலிருந்து அப்பால் தள்ளித் தெரியும். 45 டிகிரிச் சாய்வில் 12 கிலோமீட்டர் உயர மேகம் 12 கிலோமீட்டர் விலகித் தெரியும். கரைக்கு அருகில் வந்தபின் இந்த அளவு விலகல் சிறியதல்ல.

ரேடார் கிடைக்கும் தொலைவுக்குள் மேகம் வந்துவிட்டால் வேலை சுலபமாகிவிடும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் ரேடார்க் கற்றை நேராகச் செல்ல, புவி கீழ்நோக்கி வளைந்துவிடுகிறது. அரை டிகிரி உயர்த்திய கற்றை 100 கிலோமீட்டர் தொலைவில் சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்திலும், 200 கிலோமீட்டரில் நான்கு கிலோமீட்டருக்குச் சற்று மேலும் செல்கிறது. தொலைவில் நாம் பார்ப்பது மேகத்தின் மேற்பாதியை மட்டுமே. மேகம் நெருங்க நெருங்கக் கற்றை தாழ்வான, மழை செறிந்த பகுதியைத் தொடுவதால், உண்மையில் தளர்ந்துவரும் மேகமும் திரையில் வலுப்பெறுவதுபோல் தோன்றலாம். அந்த ஐயம் வந்தால் மின்னல் எண்ணிக்கைக்குத் திரும்பிவிடுகிறேன்.

இனி அந்தக் கடைசி ஐம்பது கிலோமீட்டர். மேகம் எந்தக் காற்றை உண்டு வாழ்கிறது என்பதே இங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. கடற்பரப்பை ஒட்டிய வெப்ப ஈரக்காற்றை உறிஞ்சும் மேகம், கரையோரம் குளிர்ந்த நீர்மேல் வந்ததும் உணவை இழக்கிறது. அதற்கு மாறாக, தரையோடு தொடர்பில்லாமல், ஒன்றிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் ஓடும் வெப்பக்காற்றை உண்ணும் மேகத்துக்குக் கீழே கடல் எவ்வளவு குளிர்ந்திருந்தாலும் கவலையில்லை. பிரான்சிலிருந்து ஆங்கிலக் கால்வாயைக் கடந்து தென் இங்கிலாந்துக்குள் இரவில் நுழையும் கோடைக்கால இடிமேகங்கள் பல இந்த இரண்டாம் வகை. ஐபீரிய மேட்டுநிலத்திலிருந்து வரும் வெப்பக்காற்று, குளிர்ந்த கடல்காற்றின்மேல் ஏறிப் பாய்வதால் அவை கால்வாயைத் தாண்டிவிடுகின்றன. மலாக்கா நீரிணையைத் தாண்டி விடியலிலும் காலையிலும் சிங்கப்பூரை அடையும் சுமத்ரா சூறைக்கோடுகளின், அதாவது பலத்த காற்றோடு கோடாகத் திரண்டு நகரும் இடிமேகங்களின், கதை வேறு. அங்கே கடலே வெதுவெதுப்பாக இருக்கிறது. மழையால் குளிர்ந்து கீழே இறங்கிய காற்று ஆப்புபோல் முன்னே சென்று வெப்பக்காற்றை மேலே தூக்கிக்கொடுப்பதால் கோடு தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டு முன்னேறுகிறது.

எந்த வகை என்பதை அறிய, கரையோர நிலையமொன்றின் பலூன் ஏற்றத் தரவை, அதாவது வானிலை பலூன் மேலேறும்போது உயரவாரியாக அளந்த வெப்பநிலையையும் ஈரத்தையும், பார்க்கிறேன். தரையை ஒட்டி வெப்பநிலை உயரத்தோடு கூடிப்போகும் ஓர் அடுக்கு இருந்து, அதற்கு மேலே ஈரமும் நிலையின்மையும் தெரிந்தால், கடல் குளிர்ச்சியை அதிகம் பொருட்படுத்துவதில்லை. அந்த மேலடுக்கு வறண்டிருந்தால் மேகம் கரையருகே கலையும் என்று எழுதி வைக்கிறேன். பலூன் பெரும்பாலும் நாளுக்கு இருமுறைதான் பறக்கிறது என்பதால், இடைப்பட்ட நேரத்தைக் கணினி வானிலை மாதிரிகளின் கணிப்புகளைக் கொண்டுதான் நிரப்ப வேண்டியிருக்கிறது. அதில் என் நம்பிக்கை அரைமனதுதான்.

பொழுதும் முக்கியம். பிற்பகலில் கடற்காற்று நிலத்துக்குள் புகுந்துவிட்டால் கரையோரப் பட்டை குளிர்ந்து அமைதியாகிவிடும், வருகின்ற மேகம் அதன்மேல் தடுமாறும். பின்னிரவில் நிலம் குளிர்ந்து நிலக்காற்று கடலை நோக்கி நகரும்போது, எதிரே கடலிலிருந்து வரும் காற்றோடு கரைக்கு அப்பால் குவிகிறது. அந்தக் குவிதல் கோட்டில் புது மேகங்கள் முளைப்பதுண்டு. தொலைவிலிருந்து வந்த தொகுதி அந்தக் கோட்டைத் தொட்டு மீண்டும் உயிர்பெறுவதும் உண்டு. ஒவ்வொரு பதிவிலும் கரையோரக் காற்றின் திசையை இப்போது தவறாமல் சேர்க்கிறேன்.

எல்லாவற்றையும்விட என்னை ஈர்த்தது குதித்துக் கரையேறும் மேகங்கள். கடல்மேகத்திலிருந்து வெளிப்பாயும் குளிர்காற்று மேகத்தைவிட வேகமாக முன்னோடும். பகல்நேரப் படத்தில் வில்போன்ற மெல்லிய தாழ்மேகக் கோடாகவும், அருகிலுள்ள ரேடாரில் மங்கிய இழையாகவும் அது தெரியும். அந்தக் கோடு மேகத்தைவிட்டு வெகுதூரம் விலகிவிட்டால், வெப்பக்காற்று துண்டிக்கப்பட்டு மேகம் மெலியும். ஆனால் கோடு தொடர்ந்து சென்று, நிலத்துக்குள் நிற்கும் கடற்காற்றின் முகப்பில் மோதினால், அங்கே புத்தம்புதிய இடிமேகம் எழக்கூடும். மின்னல் வரைபடத்தில் புள்ளிகள் கடலில் மறைந்து, சற்று நேரம் கழித்து உள்நாட்டில் தோன்றும். மேலோட்டமாகப் பார்ப்பவர் ஒரே மேகம் கரையைத் தாண்டிவிட்டது என்றே சொல்வார். இவற்றை இரண்டு தனி மேகங்களாக எழுதத் தொடங்கிய பிறகுதான் கணக்குகள் ஒழுங்குபட்டன.

வீட்டில் வைத்திருக்கும் கருவிகள் எளியவை. ஏஎஸ்3935 என்ற சிறு மின்னல் உணரி சுமார் 40 கிலோமீட்டர் வரையிலான மின்னலை உணர்ந்து, புயலின் முன்விளிம்பு எவ்வளவு தொலைவில் என்பதை மதிப்பிட்டுச் சொல்லும்; திசை சொல்லாது. அலைபேசி மின்னேற்றி, எல்இடி விளக்கு, மோட்டார் ஆகியவற்றின் இரைச்சலையும் அது எளிதில் மின்னலென்று எடுத்துக்கொள்ளும் என்பதால், மின்கலத்தில் இயக்கி மற்றக் கருவிகளிலிருந்து தள்ளி வைத்திருக்கிறேன். இணையம் போனால் அதுவும், மத்திய அலை வானொலியில் கேட்கும் கரகரப்பும்தான் துணை. இடியோசை கேட்கத் தொடங்கும்போது மின்னலுக்கும் ஓசைக்கும் இடையே மூன்று வினாடிக்கு ஒரு கிலோமீட்டர் என்று எண்ணிக்கொள்கிறேன். வழக்கமாக 15, 20 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து இடி கேட்பதில்லை. ஆனால் மின்னல் ஒளி இரவில் நூறு கிலோமீட்டரைத் தாண்டியும் தெரியும். முப்பது வினாடிக்குள் ஓசை வந்துவிட்டால் கரையில் நின்று பார்க்கும் வேலையை முடித்துக்கொண்டு கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். இதில் ஆர்வத்துக்கு இடமில்லை.

தற்போது சேர்த்திருப்பது ஒரு காற்றழுத்த உணரி. குளிர்காற்றின் முகப்பு கடக்கும்போது அழுத்தம் சில நிமிடங்களில் ஒன்றிரண்டு ஹெக்டோபாஸ்கல் எகிறி, வெப்பநிலை சரிந்து, காற்றுத் திசை திரும்பிவிடுகிறது. மழை ஒரு துளியும் இல்லாமல் இந்த மூன்றும் பதிவானால், கடல்மேகம் வழியிலேயே இறந்து அதன் காற்று மட்டும் கரைக்கு வந்திருக்கிறது என்று பொருள். அத்தகைய நாள்களைத் தனியே பிரித்து, அன்றைய பலூன் தரவையும் கரையோரக் காற்றையும் பக்கத்தில் ஒட்டிவருகிறேன்.