கூழாங்கல் பாதை

மூன்று வாரமாக ராத்திரித் தூக்கம் கெட்டதற்குக் காரணம் ஒரு பாதை. ஆர்பிட்டர் என்கிற கணினி விண்வெளிப் பயண சிமுலேட்டருக்காக அமெரிக்காவின் கென்னடி விண்வெளி மையத்தைத் திரையில் கட்டிக்கொண்டிருக்கிறேன். 160 மீட்டர் உயரத்துக்கு நிற்கும், ராக்கெட்டைக் கோக்கிற அந்தக் கட்டடம் இரண்டே நாளில் முடிந்துவிட்டது, என்ன இருந்தாலும் பெரிய பெட்டிதானே. ஆனால் அங்கிருந்து 39ஏ ஏவுதளம் வரை ராக்கெட்டைச் சுமந்துகொண்டு வண்டி ஊர்ந்து போன பாதை இருக்கிறதே, அது தார் ரோடு இல்லை, மேலே ஆற்றுக் கூழாங்கல் பரப்பியது. ஒரே டெக்ஸ்சரை, அதாவது மேற்பரப்புப் படத்தை, திரும்பத் திரும்ப ஒட்டினால், மேலிருந்து பார்க்கும்போது கோரைப்பாய் விரித்த மாதிரி கோடு கோடாகத் தெரிகிறது. நான்கைக் கலந்து, வண்டி நசுக்கிய தடத்தை மட்டும் கொஞ்சம் வெளிற வைத்தேன், அப்புறம்தான் கண்ணுக்கு ஒத்துவந்தது.

சரி, ஏவுமேடை இன்னும் தரையிலிருந்து ஒரு முழம் மிதக்கிறது. நிழல்தான் காட்டிக்கொடுத்தது.