படகு இன்ஜின் ஆயிலை எழுதி வையுங்கள்

பாய்மரப் படகில் டீசல் இன்ஜின் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து ஆயில் அளவை எழுதி வையுங்கள். டிப்ஸ்டிக்கை, அதாவது ஆயில் மட்டம் காட்டும் குச்சியை, இழுத்துப் பார்த்து "சரி, இருக்கு" என்று விட்டுவிட்டால், எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பது கடைசிவரை தெரியாது. இன்ஜின் ஆறியிருக்கும்போது, படகு ஒரு பக்கம் சாயாமல் நிற்கும்போது, குச்சியைத் துடைத்து மறுபடி முழுசாக உள்ளே விட்டு எடுத்துப் பார்த்து, இன்ஜின் மொத்தம் எத்தனை மணிநேரம் ஓடியது என்று ஹவர் மீட்டர் காட்டுவதையும் ஊற்றிய ஆயில் எத்தனை மில்லி என்பதையும் ஒரே வரியில் குறித்தால் போதும்.

குறைவதைவிட எனக்குப் பயம் மட்டம் ஏறுவதுதான். ஊற்றாமலே ஏறினால் டீசலோ தண்ணீரோ உள்ளே இறங்குகிறது. குச்சியில் டீசல் வாடை அடித்து, விரலில் தொட்டால் ஆயில் நீர்த்திருந்தால் ஃபீட் பம்ப் (இன்ஜினுக்கு டீசல் அனுப்பும் பம்ப்) உள்ளே இருக்கும் டயாஃப்ரம் என்ற சவ்வு கிழிந்திருக்கிறதா பாருங்கள். பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் தண்ணீர். இன்ஜினை ஸ்டார்ட் செய்யவே வேண்டாம்.

குறைந்தால் பெரும்பாலும் கசிவு, இல்லையென்றால் உள்ளே எரிகிறது. அடியில் வெள்ளைத் துணி விரித்தால் கசிவு தெரிந்துவிடும், எரிந்தால் நீலப் புகை. அப்புறம், பேட்டரி சார்ஜுக்காக லோடே இல்லாமல் மணிக்கணக்கில் ஐடிலில் ஓட்டாதீர்கள், சிலிண்டர் சுவர் பளபளப்பாகி ஆயில் நிற்காமல் போய், இன்ஜின் அதைக் குடிக்க ஆரம்பித்துவிடும். கியர் போட்டு, லோடு கொடுத்து ஓட்டுங்கள்.