இடது விதைக்கு மேலே நெளியும் குழாய்கள்

மலேசியாவில் ஈப்போ பக்கத்துச் சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டங்களில், கல்யாணமாகி இரண்டு வருடம் பிள்ளை இல்லையென்றால் பேச்சு முழுக்கப் பெண் மேல்தான் விழுகிறது. கோயிலில் தொட்டில் கட்டுவதும் அவள்தான், கிளினிக்குக்கு அலைவதும் அவள்தான். புருஷனைப் பார்த்து "நீயும் ஒருதடவை காட்டிட்டு வா" என்று யாரும் சொல்வதில்லை. இது பெரிய அநியாயம். முதல் பிள்ளைக்குத் தடுமாறும் ஆண்களில் நூற்றுக்கு 35 முதல் 40 பேரிடம் காணப்படும் ஒரு கோளாறை டாக்டர் கையால் தொட்டே கண்டுபிடித்துவிடலாம். அதன் பெயர் வேரிகோசீல்.

நம் ஆட்கள் இதை "நரம்பு சுருண்டிருக்கு" என்பார்கள். சுருண்டிருப்பது நரம்பு இல்லை, ரத்தக் குழாய். நின்றே வேலை செய்பவர்களுக்குக் காலில் நீலமாகப் புடைக்குமே, அதேதான் விதைப்பையிலும் நடக்கிறது. விதையிலிருந்து ரத்தம் மேலே ஏற வேண்டும். குழாய்க்குள் இருக்கும் வால்வு சரியாக மூடாவிட்டால் ஏறிய ரத்தம் கீழேயே இறங்கித் தேங்கும், குழாய் பருத்துவிடும். பெரும்பாலும் இடது பக்கம்தான் வரும். வலது பக்கக் குழாய் வயிற்றின் பெரிய ரத்தக் குழாயில் சாய்வாகப் போய்ச் சேர்கிறது. இடது பக்கக் குழாயோ எட்டு பத்து சென்டிமீட்டர் கூடுதலாக ஏறி, சிறுநீரகத்தின் ரத்தக் குழாயில் செங்குத்தாக முட்டுகிறது. அழுத்தம் அங்கேதான் அதிகம். விதை உடம்புச் சூட்டைவிட 2 முதல் 4 டிகிரி குளிர்ச்சியாக இருந்தால்தான் விந்தணு நன்றாக உருவாகும். தேங்கிய ரத்தம் அந்தக் குளிர்ச்சியைக் கெடுக்கிறது.

பலருக்கு வலியே இருக்காது. இருந்தால் மந்தமான இழுவலி. செம்பனைக் குலை (எண்ணெய்ப் பனைக் குலை) ஏற்றிவிட்டு வரும் நாளில் சாயங்காலம் கூடும், படுத்தால் குறையும். பாரம் தூக்கியதால்தான் வந்தது என்று சொல்ல முடியாது, ஆனால் மூச்சை அடக்கித் தூக்கும்போது வலி கூடும். திடீரென்று உயிர் போகிற மாதிரி வலித்தால் அது வேறு: விதை முறுக்கிக்கொண்டிருக்கலாம். ஆறு மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்தால்தான் விதையைக் காப்பாற்ற நல்ல வாய்ப்பு உண்டு. காலையில் போகலாம் என்று படுத்துவிடாதீர்கள்.

பரிசோதனையை நிற்கவைத்துத்தான் செய்ய வேண்டும். படுக்கவைத்துப் பார்த்தால் ரத்தம் வடிந்து, இருப்பதும் தெரியாமல் போகும். டாக்டர் விதைக்கு மேலே விரல் வைத்து, மலம் கழிக்க முக்குவதுபோல் முக்கச் சொல்வார். முக்கும்போது மட்டும் தட்டுப்பட்டால் முதல் நிலை. சும்மா நிற்கும்போதே தட்டுப்பட்டால் இரண்டாவது. தொடாமலே, பைக்குள் மண்புழுக்கள் நெளிவதுபோல் கண்ணுக்குத் தெரிந்தால் மூன்றாவது. படுத்தாலும் வற்றாத வீக்கம், வலது பக்கம் மட்டும் வந்த வீக்கம், வயது போனபின் திடீரென்று தோன்றிய வீக்கம் என்றால் வயிற்றையும் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். சிறுநீரகக் கட்டி ரத்தக் குழாயை அடைத்திருக்கலாம்.

அடுத்தது விந்துப் பரிசோதனை. தவறுகள் அதிகம் நடப்பது இங்கேதான். 2 முதல் 7 நாள் விந்து வெளியேறாமல் இருந்துவிட்டுக் கொடுக்க வேண்டும். சோப்பு, எச்சில், சாதாரண ஆணுறை எதுவும் படக்கூடாது. ஒரு மணி நேரத்துக்குள் லேப்புக்குப் போய்ச் சேர வேண்டும். வீட்டில் எடுத்து மோட்டார் சைக்கிளில் ஈப்போ வரை கொண்டுபோவதைவிட, லேப்பிலேயே எடுத்துக் கொடுப்பது நல்லது. கடந்த மூன்று மாதத்தில் டெங்கியோ வேறு கடுங்காய்ச்சலோ வந்திருந்தால் அதைச் சொல்லிவிடுங்கள், காய்ச்சலும் எண்ணிக்கையைக் குறைக்கும். ஒரு ரிப்போர்ட்டை வைத்து முடிவு கட்டாதீர்கள், இரண்டு வேண்டும். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2021 அளவுகோலில் ஒரு மில்லிலிட்டருக்கு 1.6 கோடி அணுக்கள் கீழ் எல்லை. மொத்தத்தில் நூற்றுக்கு 42 அணுக்களாவது அசைய வேண்டும்.

வேரிகோசீல் உள்ள எல்லாருக்கும் ஆபரேஷன் தேவையில்லை. ஆண்களில் நூற்றுக்குப் பதினைந்து பேருக்கு இது இருக்கிறது, பாதிக்கு மேல் பிள்ளை பெற்று நன்றாகவே இருக்கிறார்கள். கையில் தட்டுப்பட வேண்டும், விந்து ரிப்போர்ட் குறைவாக இருக்க வேண்டும், ஒரு வருடம் முயன்றும் கரு தங்காமல் இருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால் ஆபரேஷனைப் பற்றிப் பேசலாம். மனைவியின் வயதையும் பரிசோதனையையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஸ்கேனில் மட்டும் தெரிகிற சின்னப் புடைப்புக்குக் கத்தி வைப்பதில் பயனில்லை. வலி மட்டும் என்றால் முதலில் தாங்கிப் பிடிக்கும் ஜட்டி, வலி மாத்திரை, கொஞ்சம் ஓய்வு.

ஆபரேஷன்களில் மைக்ரோஸ்கோப் வைத்துச் செய்வதுதான் சிறந்தது. அடிவயிற்று மடிப்பில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் வெட்டி, பருத்த குழாய்களை மட்டும் ஒவ்வொன்றாகக் கட்டுவார்கள். ஒரு குழாய் விட்டுப்போனால் திரும்ப வரும். நிணநீர்க் குழாயைச் சேர்த்துக் கட்டிவிட்டால் விதையைச் சுற்றி நீர் கோர்க்கும். விதைக்கு ரத்தம் கொண்டுவரும் தமனி அறுந்தால் விதை சுருங்கக்கூடும். கட்டுவதற்குப் பதிலாக, ரத்தக் குழாய் வழியே கம்பிச்சுருளை அனுப்பி அடைக்கும் முறையும் உண்டு.

அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 வெள்ளி (ரிங்கிட்), சிறப்பு மருத்துவருக்கு 5 வெள்ளி. அங்கிருந்து ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் வாங்குங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு எம்.சி. (மருத்துவ விடுப்புச் சீட்டு) எழுதும் டாக்டரிடம் "குலை வெட்டு வேலை" என்று விவரமாகச் சொல்லுங்கள். மேசை வேலைக்காரருக்குச் சில நாள் போதும். குலை தூக்குபவருக்கு நாலு வாரமாவது பாரமில்லாத வேலை வேண்டும். அந்தக் காகிதத்தை மண்டோரிடம் (தோட்ட மேற்பார்வையாளரிடம்) கொடுத்துவிடுங்கள்.

பலன் உடனே தெரியாது. ஒரு விந்தணு உருவாக ஏறத்தாழ 74 நாள் ஆகும். அதனால் மூன்றாம் மாதம் ஒரு ரிப்போர்ட், ஆறாம் மாதம் இன்னொன்று. பத்தில் ஆறேழு பேருக்கு எண்ணிக்கை ஏறும். கரு தங்குவது அதைவிடக் குறைவுதான்.

இடையில் கடையில் விற்கும் தொங்காட் அலி (ஆண்மைக்கு என்று விற்கும் மூலிகை வேர்) காப்பியை நம்பி மாதங்களைப் போக்காதீர்கள். இப்படிப்பட்ட காப்பிகள் சிலவற்றில் சில்டெனஃபில் என்ற விறைப்பு மருந்து கலந்திருப்பது பிடிபட்டிருக்கிறது. விறைப்பு மருந்து இந்தக் கோளாறைச் சரிசெய்யாது. ஜிம்மில் போடும் டெஸ்டாஸ்டிரோன் ஊசி அதைவிட மோசம். வெளியிலிருந்து ஹார்மோன் வந்ததும் மூளை விதைக்கு அனுப்பும் உத்தரவை நிறுத்திவிடும், விந்தணு உற்பத்தி அப்படியே படுத்துவிடும். போட்டிருந்தால் மறைக்காமல் டாக்டரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.