ஆறு அமர்வுகள்

மார்ச் 3, செவ்வாய்
மனிதவளத் துறையிலிருந்து மறுபடியும் அதே மின்னஞ்சல். ஆறு கவுன்சலிங் அமர்வுகள் இலவசம், முழு ரகசியம், கீழே இணைப்பு. அலுவலக லேப்டாப்பில் அதை அழுத்த மனம் வரவில்லை.

மார்ச் 4
தூக்கம் இல்லை.

மார்ச் 6, வெள்ளி
என் போனில் நிபந்தனைகளை முழுதாகப் படித்தேன். கவுன்சலர்கள் வெளி நிறுவனத்து ஆட்கள். யார் பேசினார், என்ன பேசினார் என்பது அலுவலகத்துக்குப் போகாது. உயிருக்கு ஆபத்து என்று தோன்றினாலோ, நீதிமன்றம் கேட்டாலோ மட்டும் விதிவிலக்கு. மற்றபடி மொத்தக் கணக்குதான் போகும்: எத்தனை பேர் அழைத்தார்கள், வேலை அழுத்தமா, குடும்பமா, கடனா என்று. சரி. ஆனால் எங்கள் குழுவில் இருப்பதே ஐந்து பேர். துறைவாரியாகப் பிரித்து, "ஒருவர், வேலை அழுத்தம்" என்று அறிக்கை போனால் அந்த ஒருவர் யார் என்று கண்டுபிடிக்கத் துப்பறிவாளரா வேண்டும்?

மார்ச் 9, திங்கள்
குழுவில் என்னோடு வேலை பார்த்தவளின் இடம் இன்னும் காலி. அவள் பார்த்த வேலை மட்டும் என் தலையில். "தற்காலிகம்தாம்பா" என்கிறார் மேலாளர். போன மாதமும் இதையேதான் சொன்னார்.

மார்ச் 10
பதிவு செய்துவிட்டேன். சொந்த மின்னஞ்சல், சொந்த எண். அப்புறமும் ஊழியர் எண்ணைக் கேட்டது. தகுதியைச் சரிபார்க்க மட்டுமாம்.

மார்ச் 12, வியாழன்
அமர்வுக்கு முன் நிரப்பச் சொல்லி, மனச்சோர்வை அளக்கும் பிஹெச்க்யூ-9 படிவம் வந்தது. கடந்த இரண்டு வாரங்களைப் பற்றி ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, அதிகபட்சம் 27. தூக்கம், பசி, களைப்பு எல்லாவற்றுக்கும் யோசிக்காமல் போட்டேன். ஒன்பதாவதில் நின்றுவிட்டேன். செத்துப்போனால் தேவலை என்றோ, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ தோன்றியதா என்று கேட்கும் கேள்வி அது. 0 போட்டேன். உண்மையும் அதுதான். ஆனால் 1 போட்டால் அது யார் கைக்குப் போகும் என்றுதான் முதலில் யோசித்தேன். அப்படித் தோன்றியதா என்பதை அதற்கப்புறம்தான். இதற்கு மதிப்பெண் போடுகிற கேள்வி எதுவும் அந்தப் படிவத்தில் இல்லை.

கூட்டினால் 14. 10-ஐத் தொட்டாலே கவனிக்க வேண்டுமாம்.

மார்ச் 13
மன உறுதி பற்றி வெபினார். கட்டாயம் கலந்துகொள்ள வேண்டும். மூச்சை இழுத்துவிடச் சொன்னார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் நின்றுபோன வேலையை ராத்திரி உட்கார்ந்து முடித்தேன். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் பர்ன்-அவுட்டுக்கு, அதாவது வேலையால் வரும் முழுச் சோர்வுக்கு, விளக்கம் சொன்னபோது அதை நோய் என்று சொல்லவில்லை. சரியாகக் கையாளப்படாத, நாள்பட்ட பணியிட அழுத்தத்தால் வருவது என்றது. 2022-ல் வந்த அவர்களுடைய வழிகாட்டுதலில் நிறுவன அளவிலான மாற்றங்கள், மேலாளர்களுக்குப் பயிற்சி எல்லாம் இருக்கின்றன. இங்கே என் மூச்சைத் திருத்துகிறார்கள்.

மார்ச் 16
இன்றைய அமர்வு தள்ளிப்போனது. கவுன்சலருக்கு உடம்பு சரியில்லை. முதலில் நிம்மதி, சாயங்காலத்துக்குள் கோபம்.

மார்ச் 18, புதன்
பேசினேன். கேமரா வேண்டாம் என்றேன், சரி என்றார். முதலில் அறிக்கையைப் பற்றித்தான் கேட்டேன். சின்னக் குழுக்களைத் தனியாகக் காட்டுவதில்லை, பெரிய கணக்கோடு சேர்த்துவிடுவோம் என்றார். பிறகு, "யாருக்குத் தெரியக்கூடாதுன்னு நினைக்கறீங்க?" மேலாளருக்கு என்றேன். "தெரிஞ்சா என்ன ஆகும்?" பதவி உயர்வு என்று ஆரம்பித்து, அவளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். அவள் விடுப்பு கேட்டது, அதற்கப்புறம் கூட்டங்களுக்கு அவளைக் கூப்பிடாமல் விட்டது, எல்லாம்.

"உங்க வேலையைக் குறைக்கற அதிகாரம் எனக்கு இல்லைங்க. அதை எப்படிக் கேக்கறதுன்னு வேணா சேர்ந்து யோசிக்கலாம்" என்றார். அந்த வெபினாரில் இந்த அளவுக்குக்கூட யாரும் நேர்மையாகப் பேசவில்லை.

மார்ச் 19
தூங்கினேன்!

மார்ச் 20
என் வேலைகளைப் பட்டியல் போட்டேன். பாதி அவளுடையது. ஆறு அமர்வுகள் முடிந்தால் மேற்கொண்டு சொந்தச் செலவு. அந்தக் கணக்கையும் போட்டேன், மூடி வைத்துவிட்டேன்.

மார்ச் 23, திங்கள்
பட்டியலை மேலாளருக்கு அனுப்பினேன். எதை விடலாம், எதை வேறு யாருக்குத் தரலாம் என்று மட்டும் கேட்டு, இரண்டே வரி. வேறு ஒரு வார்த்தை இல்லை. பத்து நிமிடத்தில் நாளைக்குக் கூட்ட அழைப்பு வந்துவிட்டது. தலைப்பு: "பொது". மனிதவளத் துறையையும் சேர்த்திருக்கிறார்.

பட்டியலுக்காகவா, அதற்காகவா?