சின்ன தைமஸ்தான் நார்மல்னு நம்புன காலம்

நெஞ்செலும்புக்கு பின்னாடி, இதயத்து மேல ரெண்டு மடலா ஒட்டிக்கிட்டு இருக்கற தைமஸ், நோயை எதிர்க்கற டி செல்லுங்க (ஒரு வகை வெள்ளை அணு) வளர்ந்து தேறி வர்ற உறுப்பு, அதைப் பத்தி ஸ்கூல் புக்குல ஒரே வரிதான், வயசானா சுருங்கிடும்னு. வயசே ஆகாமலும் அது சுருங்கும், ரெண்டே நாள்ல கூட சுருங்கும், அப்புறம் மறுபடி வளரும், இதுல பெரும்பங்கு ஹார்மோனோட வேலைங்கறதை யாரும் சொல்லித் தர்றதில்ல. இது தெரியாததால ஒரு காலத்துல டாக்டருங்க பண்ணுன கூத்தை படிச்சா இப்பவும் எனக்கு வயிறு எரியுது, அதான் இந்த போஸ்ட்.

1889-ல வியன்னாவுல பல்டாஃப்னு ஒரு டாக்டர், காரணமே தெரியாம திடீர்னு செத்துப்போன குழந்தைங்களை அறுத்துப் பாத்துட்டு, தைமஸ் ரொம்ப பெருசா இருக்கு, இப்படி உடம்புவாகு இருக்கறதுதான் காரணம்னு எழுதுனாரு. அந்த தைமஸ்ல ஒரு கோளாறும் இல்ல, நல்லா இருந்த குழந்தையோட நார்மல் சைஸ் அது. அப்போ டாக்டருங்க பாத்துப் பழகுனதெல்லாம் டிபி, பேதி, பட்டினின்னு வாரக்கணக்குல கஷ்டப்பட்டு செத்தவங்க உடம்பு, அதுல தைமஸ் வத்திப்போய் இருக்கும். அதையே அளவுகோலா வச்சுக்கிட்டாங்க. நல்லா இருந்த குழந்தை நோயாளி ஆயிடுச்சு, நோயாளி நார்மல் ஆயிட்டான்.

அதோட விட்டிருந்தா பரவால்ல. 1907-லருந்து அமெரிக்காவுல இந்த "பெருத்த" தைமஸை சுருக்கறேன்னு பச்சக் குழந்தைங்க நெஞ்சுல எக்ஸ்ரே கதிர் பாய்ச்ச ஆரம்பிச்சாங்க. பிரிட்டன்ல ஒரு கமிட்டி போட்டு விசாரிச்சு, இப்படி ஒரு வியாதி இருக்கறதுக்கு ஆதாரமே இல்லன்னு 1931-லயே சொல்லியாச்சு, அதுக்கப்புறமும் அமெரிக்காவுல 1950-கள் வரைக்கும் இது ஓடுச்சு. கதிரும் தைமஸை நல்லாவே சுருக்குச்சு, அதனால வைத்தியம் வேலை செய்யுதுன்னு எல்லாருக்கும் திருப்தி வேற. பக்கத்துலயே கழுத்துல தைராய்டு இருக்கே? நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர்ல இப்படி கதிர் வாங்குன 2,600-க்கும் மேற்பட்டவங்களை பல வருஷம் தொடர்ந்து பாத்ததுல 37 பேருக்கு தைராய்டு கேன்சர், கதிர் வாங்காத அவங்க கூடப்பிறந்தவங்க 4,800-க்கு மேல, அவங்கள்ல வெறும் 5 பேருக்குத்தான்.

சரி, டிபி, பட்டினின்னு செத்த அந்த நோயாளிங்க தைமஸை யார் சுருக்குனாங்கன்னு கேட்டா, கிட்னி மேல இருக்கற அவங்க சொந்த அட்ரினல் சுரப்பிதான். 1936-ல கனடாவுல மான்ட்ரியல்ல ஹான்ஸ் செல்யேன்னு ஒரு விஞ்ஞானி எலிங்களை குளிர்ல வச்சாரு, காயம் பண்ணாரு, விஷம் குடுத்தாரு, ஓட விட்டாரு, என்ன பண்ணாலும் உள்ள ஒரே மாதிரிதான், அட்ரினல் வீங்கும், தைமஸ் சுருங்கும், வயித்துல புண்ணு. அட்ரினலை எடுத்துட்டா தைமஸ் அந்த மாதிரி சுருங்கல. அதுல வர்ற ஸ்டீராய்டுதான் ஆளு, மனுஷங்களுக்கு கார்டிசோல், எலிக்கு கார்டிகோஸ்டீரோன்.

இதை நான் ஆராய்ச்சி படிக்கறப்ப கண்ணால பாத்திருக்கேன். சாதா எலியோட நெஞ்சைத் திறந்தா வெள்ளையா, கொழகொழன்னு தைமஸ் இதயத்தை மூடிக்கிட்டு இருக்கும், ஃபோர்செப்ஸால எடுத்து சல்லடையில தேய்ச்சா கீழ பால் மாதிரி கலங்கலா வரும், அது அத்தனையும் செல். டெக்ஸாமெத்தசோன்ங்கற ஸ்டீராய்டு மருந்தை ஊசி போட்டு ரெண்டு நாள் ஆன எலியில தைமஸைத் தேடணும், கொழுப்புன்னு நெனச்சு தள்ளிட்டுப் போயிடுவோம், நூல் மாதிரி கெடக்கும், தேய்ச்சாலும் தண்ணியாத்தான் வரும். ஆனா எல்லா செல்லும் சாகல, அதுதான் இதுல சுவாரஸ்யம். எலும்பு மஜ்ஜையிலருந்து வர்ற செல்லுங்க தைமஸ்ல வளர்றப்ப நடுவுல ஒரு கட்டத்துல சிடி4, சிடி8-ன்னு ரெண்டு அடையாளப் புரதத்தையும் மேல மாட்டிக்கிட்டு நிக்கும், தைமஸ்ல முக்கால்வாசி செல் இந்த கேட்டகிரிதான், ஸ்டீராய்டு அடிக்கறதும் முக்கியமா இதுங்களைத்தான். தேறி முடிச்ச செல் ஓரளவு தாங்கிடும்.

சாதாரண நாள்லயும் இந்த கட்டத்துல நடக்கறது நீட் எக்ஸாமை விட மோசம், நூத்துக்கு தொண்ணூத்தஞ்சுக்கு மேல உள்ளயே செத்துப்போகும். நம்ம உடம்போட புரதத்தை தன் மேல இருக்கற ரிசெப்டரால (எதிர்ல இருக்கறதைப் புடிச்சுப் பாக்கற புரதம்) அடையாளமே காண முடியாத செல் கவனிப்பாரில்லாம சாகும், ரொம்ப அழுத்தமா ஒட்டிக்கற செல் வெளிய போனா நம்மளையே தாக்கும்னு சாகடிக்கப்படும், மிதமா ஒட்டறது மட்டும்தான் டி செல்லா வெளிய வரும். 1990-கள்ல அமெரிக்காவுல ஆஷ்வெல்ங்கற விஞ்ஞானியோட குழு ஒண்ணைக் கவனிச்சாங்க. ஸ்டீராய்டு மட்டும் தனியா வந்தா செல் சாகும், ரிசெப்டர் சிக்னல் மட்டும் பலமா வந்தாலும் சாகும், ரெண்டும் சேர்ந்து வந்தா ஒண்ணை ஒண்ணு அடக்கி செல் பொழைச்சுக்கும்! அதோட தைமஸே உள்ளுக்குள்ள கொஞ்சம் ஸ்டீராய்டு தயாரிக்குதுன்னும் காட்டுனாங்க. அப்போ ஸ்டீராய்டு வெறும் எமன் இல்ல, எந்த டி செல் தேறணும்ங்கறதுல அதுக்கும் ஒரு கை இருக்கு. இதுக்கு எதிரா ரிசல்ட் காட்டுன லேபும் உண்டு, சண்டை பல வருஷம் ஓடுச்சு, நான் ஆஷ்வெல் கட்சி.

அடுத்து செக்ஸ் ஹார்மோன். விதை நீக்குன முயலுக்கு தைமஸ் பெருசா இருக்குன்னு 1898-லயே இத்தாலியில கால்ஸோலாரி எழுதிட்டாரு. வயசுக்கு வந்ததும் தைமஸ் வேகமா இறங்கறதுல ஆண் பெண் ஹார்மோன் ரெண்டுக்குமே பங்கு இருக்கு. கர்ப்பம் ஆன எலியிலயும் தைமஸ் நல்லா சுருங்கும், புரோஜெஸ்டிரோன் வேலை. சும்மா சுருங்கறது இல்ல, 2021-ல அதே வியன்னாவுலருந்து பென்னிங்கர் குழு சொன்னது, கர்ப்ப ஹார்மோன் தைமஸோட எபிதீலியல் செல்லுல (டி செல்லை வளக்கற செல்) ரேங்க்னு ஒரு ரிசெப்டர் வழியா, மத்த டி செல்லை அடக்கி வைக்கற ரெகுலேட்டரி டி செல்லைக் கூட்டுது, அதுங்க நஞ்சுக்கொடிக்குப் போய் குழந்தையைத் தாக்காம அமைதிப்படுத்துது, ரேங்க் இல்லாத எலியில கருச்சிதைவு கூடுது. பாதி அப்பாவோட புரதம் இருக்கற குழந்தையை அம்மா உடம்பு ஏன் சும்மா விடுதுங்கற பழைய கேள்விக்கு பதில்ல ஒரு துண்டு இந்த தைமஸ்ல கெடக்குது, யார் எதிர்பார்த்தா.

லூபஸ் மாதிரி, உடம்பு தன்னைத்தானே தாக்கிக்கற வியாதி பெண்களுக்கு ஆண்களை விட சுமார் ஒன்பது மடங்கு வருதே, அதுலயும் தைமஸ் மேல ஒரு சந்தேகம் இருக்கு. உடம்பு பூரா இருக்கற புரதங்களை தைமஸுக்குள்ளயே தயாரிச்சு டி செல்லுக்கு காட்ட வைக்கற ஏர்னு (AIRE) ஒரு ஜீன் இருக்கு, அது குறைஞ்சா நம்மளையே தாக்கற செல் வடிகட்டாம தப்பிச்சுடும், ஈஸ்ட்ரோஜென் அதைக் குறைக்குது, ஆண்ட்ரோஜென் கூட்டுதுன்னு 2016-ல ரெண்டு குழு தனித்தனியா காட்டுனாங்க. மிச்ச காரணங்களும் நிறைய உண்டு, எக்ஸ் குரோமோசோம்லருந்து ஆரம்பிச்சு.

பசியும் இதுல சேரும். பட்டினி போட்டா கொழுப்புலருந்து வர்ற லெப்டின்ங்கற ஹார்மோன் இறங்கும், தைமஸும் கூடவே இறங்கும், பட்டினி கெடக்கற எலிக்கு லெப்டின் ஊசி போட்டா தைமஸ் ஓரளவு தப்பிக்குது.

சரி அப்போ ஹார்மோனை வச்சே வயசானவங்க தைமஸை திருப்பி வளக்கலாமான்னு கேப்பீங்க. 2019-ல வெளியான கலிஃபோர்னியா ஆய்வு ஒண்ணுல 51-லருந்து 65 வயசுக்குள்ள 9 ஆம்பளைங்களுக்கு ஒரு வருஷம் வளர்ச்சி ஹார்மோன் குடுத்தாங்க, அதனால சுகர் எகிறும்னு டிஹெச்இஏங்கற ஹார்மோன், மெட்ஃபார்மின்ங்கற சுகர் மாத்திரை ரெண்டையும் சேத்து. எம்ஆர்ஐல தைமஸ் இடத்துல கொழுப்பு குறைஞ்சிருந்துச்சு, உடனே இளமை திரும்புது ரேஞ்சுல செய்தி பறந்துச்சு. பெண்கள் ஒருத்தர் கூட இல்ல, ஒப்பிட்டுப் பாக்க கன்ட்ரோல் குரூப் இல்ல, எம்ஆர்ஐல தெரிஞ்ச அந்த வித்தியாசத்தால இவங்களுக்கு காய்ச்சல் கேன்சர் குறைஞ்சுதான்னு சொல்ற அளவுக்கு ஆளும் இல்ல காலமும் இல்ல. கன்ட்ரோல் வச்சு பெரிய ட்ரையல் ஒண்ணு வரட்டும், அப்புறம் பேசுவோம்.