எதிர்வீடு, அடுத்த வார்டு

2016 அக்டோபரில் காலியானது கொடைக்கானல் நகராட்சித் தலைவர் நாற்காலி. ஐந்து வருடத்துக்கு மேல் தலைவர் இடத்தில் அரசு நியமித்த தனி அலுவலர்தான். அதனால் 2022இல் தேர்தல் என்றதும் மூஞ்சிக்கல் டீக்கடை வரை எல்லோரும் கேட்டது, "தலைவருக்கு யாருப்பா நிக்கிறாங்க?" 2011இல் கவுன்சிலருக்கு ஒன்று, தலைவருக்கு ஒன்று என்று தனித்தனியாக ஓட்டுப் போட்ட பழக்கம். இந்த முறை கவுன்சிலருக்கு மட்டும்தான், ஜெயிக்கிற 24 பேர் கூடித் தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள் என்று சொல்லிச் சொல்லியே எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

சரி, கவுன்சிலருக்கே நிற்போம் என்று சுயேச்சையாக இறங்கினேன். டெபாசிட் 2,000 ரூபாய். வீட்டு வரி, தண்ணீர்க் கட்டணம் பாக்கியில்லை என்ற ரசீது, நோட்டரி கையெழுத்து எல்லாம் தயார். முன்மொழிய எதிர்வீட்டு அண்ணனைக் கூட்டிப் போனேன். பிப்ரவரி 4, வேட்புமனு கொடுக்கக் கடைசி நாள். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் வாக்காளர் பட்டியலில் விரலை ஓட்டிக்கொண்டே வந்து நிறுத்தினார். "இவர் பேரு இந்த வார்டுல இல்லையே." எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஆறடிச் சந்து. வார்டு மறுவரையறையில் அந்தச் சந்துதான் எல்லையாகியிருக்கிறது! முன்மொழிபவர் அதே வார்டு வாக்காளராக இருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அண்ணன் வேறு வார்டு என்பதுதான் தெரியாது. பட்டியலைப் பார்க்காமல் வந்தது என் தப்பு. ஓடிப்போய், கேரட் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த பெரியம்மா மகனை மண் கையோடு இழுத்து வந்து கையெழுத்து வாங்கினேன். மனுவின் ஓரத்தில் அவன் கட்டைவிரல் மண் ஒட்டியே இருந்தது.

பூட்டு சாவி சின்னம் கிடைத்தது. பிரச்சாரம் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை; ஏறி இறங்கி முழங்கால் போனது.

பிப்ரவரி 19 வாக்குப்பதிவு. மாலை ஐந்திலிருந்து ஆறு மணி வரை கொரோனா நோயாளிகளுக்கு. எங்கள் பூத்துக்கு ஒருவரும் வரவில்லை. ஏஜெண்டுகள் எல்லோரும் கையை ஸ்வெட்டருக்குள் இழுத்துக்கொண்டு அந்த ஒரு மணி நேரமும் வாசலையே பார்த்திருந்தோம். 22ஆம் தேதி எண்ணினார்கள். தோற்றேன்.

மார்ச் 4 காலை ஒன்பதரைக்குத் தலைவர் தேர்தல். எங்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. எதிர்வீட்டு அண்ணனும் நானும் ரோட்டில் நின்றோம்.

"தம்பி, எங்க வார்டு ஆளு யாருக்குப் போட்டிருப்பாரு?"

"ரகசிய ஓட்டுண்ணே."

"நம்ம ஓட்டுதானடா அது?" என்றார்.